ஏழாம் தடம்

அக்டோபர் 4, சனி

"நெசக் காரு மாதிரியே இருக்குமுங்களா?"

இன்றைக்குக் கேட்டவர் ஒரு பல் டாக்டர். மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கும் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்த்தேன்: "கண்ணுக்கு முக்கால்வாசி, கைக்குப் பாதி, முதுகுக்கு ஒன்றுமில்லை." கேட்டவர்கள் முதுகைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்கள். இப்போது, "உட்கார்ந்து பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பல் டாக்டர் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே தடுப்புச் சுவரில் மோதி, "ஸாரி" என்றார், சுவரைப் பார்த்து.

புது நோட்டு. பழைய நோட்டுக்குத் தெரிந்தது இதற்குத் தெரியாது என்பதால் சின்ன அறிமுகம். கோவை பீளமேட்டில், பம்புசெட் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சிமுலேட்டர் கூடம். முதலாளி ஜெகதீஷ் அண்ணா. இயந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பந்தயக் காரின் சீட், ஸ்டியரிங், மூன்று பெடல், எதிரே மூன்று திரை. அண்ணா அவற்றைப் பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுகிறார். அவர்களுக்குள் ஓடும் காரை எழுதுவது என் வேலை. டயர் எவ்வளவு பிடிக்கும், எந்த இடத்தில் வழுக்கும், ஸ்டியரிங் கைக்கு என்ன சொல்லும் என்பதெல்லாம் எண்கள். அந்த எண்கள் என்னுடையவை.

வயது இருபத்தாறு. கார் ஓட்டுவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா ஓசூர் போய் இரண்டு வாரம். வீட்டில் நானும் அப்பாவும். மாவு புளித்துப் பொங்கிக் கிரைண்டர் மேடை முழுக்க வழிந்திருந்தது. "இது மாவு இல்ல சாமி, கடல்" என்றார் அப்பா. ஆனாலும் ஆறு தோசை சாப்பிட்டார்.

பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. கார் உறையை விலக்கி, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி உறை. பாட்டரி செத்துவிடக்கூடாதாம். பின் சக்கரத்துக்கு ஓர் அரைச் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். கைபிரேக் போட்டால் போதாதா என்று எப்போதோ கேட்டேன். "நின்ன காருக்குக் கைபிரேக் போட்டா கேபிள் இறுகிக்கும்" என்றார். சரி.

காருக்குப் பத்து நிமிடம். அப்பாவின் இடது முழங்காலுக்கு இருபது. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும். நான் எண்ணுகிறேன். நான் ஏழிலிருந்து பத்துக்குத் தாவுகிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

நஸ்ரின் இந்த மாதம் நான்காவது முறையாக வந்தாள். இருபது வயது, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஒரு சின்னப் பந்தய அணி அவளை நவம்பர் 9 பந்தயத்துக்கு எடுத்திருக்கிறது. நிஜமான தடத்தில், நிஜமான காரில், அவளுடைய முதல் பந்தயம். நிஜத் தடத்தில் பயிற்சிக்கு மாதத்தில் நான்கு நாள்தான் கிடைக்கும். மீதி நாட்களுக்குப் பெரியவன்.

"அக்கா, உங்க காரு தங்கம்" என்றாள் இறங்கும்போது. "பின்னாடி வழுக்கப் போறதுக்கு முன்னாடியே கையில ஒரு நடுக்கம் வருது பாருங்க. 'அம்மிணி, பாத்து'ன்னு சொல்ற மாதிரி."

எனக்குக் காது வரை சூடானது. பாராட்டினால் ஒரு நன்றி சொல்லத் தெரியாத ஜென்மம். "சீட் பெல்ட்டைச் சுருட்டி வெச்சிட்டுப் போ" என்றேன்.

எல்லோரும் போன பிறகு சின்னவனில், எனக்காக மட்டும் நான் வரைந்த ஏழாம் தடம், பத்து முறை. நான் எதிர்பார்ப்பது இன்றும் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. கார், செங்கல், முழங்கால். வாசிக்க ஒரு துருவப் பயணியின் நாட்குறிப்பு. கப்பல் பனியில் சிக்கிச் சாகக் கிடக்கிறது, ஆனால் மனிதர் ஒவ்வொரு நாளும் காலை உணவு என்ன என்பதை விடாமல் எழுதுகிறார். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

காலை உணவு: கோதுமை உப்புமா.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று தடத்தில் நஸ்ரினின் கார் சுழன்றுவிட்டது. நான்காம் வளைவில் முழுச் சுற்று சுற்றிப் புல்லில் போய் நின்றதாம். அடி எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எப்படின்னே புரியலக்கா. பிரேக்கைப் பிடிச்சுட்டே வளைவுக்குள்ள போறேன், இங்க போற மாதிரியேதான். இன்னும் நடுக்கம் வரல, இன்னும் இடம் இருக்குன்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள பின்பக்கம் முன்னாடி வந்துருச்சு. உங்க காரு சொல்லுது. அந்தக் காரு சொல்லவே மாட்டேங்குது."

"மழையா இருந்திருக்கும்" என்றார் ஜெகதீஷ் அண்ணா.

நான் பெரியவனின் திரைகளைத் துடைக்கப் போனேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நோட்டிடமாவது சொல்ல வேண்டும்.

அந்த நடுக்கம் எந்தக் காரிலும் கிடையாது. நான் போட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், டயர் பற்றிய எண்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி. பின் டயர் தன் பிடியில் பத்தில் ஒன்பது பங்கைச் செலவழித்ததும் ஸ்டியரிங் லேசாக நடுங்கட்டும் என்று. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு கார் எந்த அறிவிப்பும் இல்லாமல் மனிதரின் காலுக்கடியிலிருந்து விலகிப் போவது நாகரிகமாகவே எனக்குப் படவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது போல ஏதாவது இருக்க வேண்டாமா?

வந்தவர்களுக்குப் பிடித்தது. சுவரில் மோதுவது குறைந்தது, திரும்பி வருவது கூடியது. அண்ணாவுக்குக் காரணம் தெரியாது. "அம்மிணி கைராசி" என்பார்.

அந்த நடுக்கத்துக்காகத்தான் நஸ்ரின் அங்கே காத்திருந்தாள்.

நாளை சொல்லிவிடலாம்.

அக்டோபர் 15, புதன்

சொல்லவில்லை. பல் டாக்டர் நண்பரோடு வந்திருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

நஸ்ரின் போன் செய்தாள். மறுபடி சுழன்றுவிட்டாள், அதே நான்காம் வளைவு. இந்த முறை பின் பம்பர் போச்சு. இன்னும் ஒரு முறை சுழன்றால் நவம்பர் 9-க்கு வேறொருவனை உட்காரவைப்பதாக அணியின் மேலாளர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு, 26-ம் தேதி, கடைசிப் பயிற்சி நாள்.

"நாளைக்குத் தீபாவளி. நாளன்னைக்கு வரட்டுமாக்கா? தெனம் ரெண்டு மணி நேரம் ஓட்டறேன்."

அதாவது, தப்பான பாடத்தைத் தினம் இரண்டு மணி நேரம் படிக்கப்போகிறாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அப்பா முறுக்குப் பிழிந்தார். ஒரு முறுக்குகூட வட்டமாக இல்லை. எல்லாம் ஏதோ பந்தயத் தடங்கள் போலவே இருந்தன. ஒன்றை எடுத்து, "இதுல நாலாவது வளைவு எதுங்கப்பா?" என்றேன். சரியாக உடைத்துக் கொடுத்தார்.

ஓசூரிலிருந்து அம்மா வீடியோவில் வந்து முறுக்கைப் பார்த்தார். "சோடா மாவா போட்டீங்க?" என்றார்.

அக்டோபர் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

நேற்று வாடிக்கையாளர் கூட்டம். (இதை இங்கே எழுதும்போதே அது காரணம் இல்லை என்று தெரிகிறது.) இன்று நஸ்ரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த நடுக்கம் பொய், அதை நான்தான் போட்டேன், போன வாரத் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

ஹெல்மெட்டுக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"ஒம்பது நாள், அக்கா" என்றாள்.

"ஆமா."

"நான் அன்னிக்கு ராத்திரி அழுதேன் தெரியுமா? எனக்கு ஓட்டவே வரலைன்னு. எங்கம்மாகிட்ட இன்ஜினியரிங்கே போதும்னு சொல்லிட்டேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள். கீழே பம்புசெட் கடையில் ஒருவர் விலை பேசுவது முழுக்கக் கேட்டது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"எடுங்க அந்த வரிய. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

எடுத்தேன். நீக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் பதினேழு முறை சுழன்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

ஜெகதீஷ் அண்ணாவிடமும் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இந்த ஒன்றரை வருசமா வந்தவங்கெல்லாம் 'செம ரியலா இருக்குங்க'ன்னு எழுதிப் போட்டது, அந்தப் பொய்யப் பாத்துட்டா?"

"ஆமாங்கண்ணா."

"நெசத்த எடுத்துட்டுப் பொய்ய வெச்சாத்தான் நெசமா இருக்குன்னு சொல்றாங்க. என்ன ஊருடா சாமி." டீயைக் குடித்துவிட்டு வெளியே போனார். வேலை போகப்போகிறது என்று நினைத்து என் மேசையில் என்னுடையது எதெது என்று கணக்கெடுத்தேன். ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு புத்தகம்.

திரும்பி வந்தார். அணியின் மேலாளருக்குப் போன் போட்டிருக்கிறார். "பொண்ணு மேல தப்பில்லீங்க, எங்க மிசின் தப்பா சொல்லிக்குடுத்துருச்சு" என்று சொல்லியிருக்கிறார். அவர் மசியவில்லை. ஞாயிறு காலை பன்னிரண்டு சுற்று. சுழலாமல் முடித்தால் சீட்டு அவளுக்கு.

"நீயும் போற அம்மிணி. மத்தியானம் பக்கத்து சீட்டுல உக்காத்தி வெச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். காருன்னா என்னன்னு ஒருக்கா முதுகுல வாங்கிட்டு வா."

அக்டோபர் 25, சனி

நஸ்ரின், பெரியவனில்: வியாழன் பதினோரு சுழற்சி. வெள்ளி ஆறு. இன்று இரண்டு. அவசியத்துக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் போகும்போது, "நாளைக்கு மத்தியானம் வயித்த நெரப்பிட்டு வராதீங்க" என்றாள். சமாதானமா மிரட்டலா தெரியவில்லை.

நாளை பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "எந்தப் பக்கம் சீட்டு?" என்றார்.

"இடது பக்கம்தாங்கப்பா. வலது பக்கம் ஓட்டறவ உக்காருவா."

"கைய மடியில வெச்சுக்க" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை உணவு: ஒரு வாழைப்பழம்.

பன்னிரண்டு சுற்றையும் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஐந்தாவது சுற்றில் நான்காம் வளைவில் காரின் பின்பக்கம் ஒருமுறை அசைந்தது. அணியின் மேலாளர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். நான் வேலியின் கம்பி வலையைப் பிடித்த பிடியில் உள்ளங்கையில் வைர வடிவில் தடம் விழுந்தது. ஸ்டியரிங்கை அரை நொடி எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளித்துவிட்டாள். பன்னிரண்டு முடிந்தது. மேலாளர், "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம், சீட்டு அவளுடையது என்பதாம். இரண்டு மெக்கானிக்குகள் கைதட்டியதால்தான் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் நான். ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். உலகம் ஒரு குடத்துக்குள் போய்விட்டது.

"கண்ண மூடிடாதீங்கக்கா. அப்புறம் சிமுலேட்டர்லயே இருந்திருக்கலாம்."

முதல் பிரேக்கில் என் குடல் டாஷ்போர்டு வரை போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தது. மூன்றாம் சுற்றில்தான் கவனிக்க முடிந்தது. அந்தக் கார் ஸ்டியரிங்கில் நடுங்கவில்லை. ஆனால் நான்காம் வளைவில் பின்பக்கம் வழுக்கும் இடத்தை நெருங்கியபோது சீட் என் இடுப்பை விட்டுப் போவது போல இருந்தது. மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அது போல. அரைக் கணம், அவ்வளவுதான்.

கார் சொல்லத்தான் செய்கிறது. கைக்குச் சொல்லவில்லை.

இறங்கியதும் ஒரு டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். நஸ்ரின் தண்ணீர் கொண்டுவந்தாள். "பயமாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அது உண்மையும்கூட. சீட்டுக்கு அடியில் ஒரு மோட்டார் வைத்து அந்த இடுப்பு விஷயத்தைச் செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றேன்.

"ஆள விடுங்க. ஒண்ணும் போடாதீங்க. அங்க ஒண்ணுமே தெரியாம ஓட்டிப் பழகினா, இங்க தெரியறதெல்லாம் எனக்கு லாபம்." பிறகு என் ஹெல்மெட்டைத் தட்டினாள். "ஒம்பது நாள் கோவத்துல அஞ்சு நாள் கழிஞ்சிருச்சு. மிச்சம் நாலு."

அக்டோபர் 28, செவ்வாய்

நஸ்ரினின் காரில் இருந்த பதிவுக்கருவியின் எண்களை எங்கள் காரின் எண்களோடு ஒப்பிட்டேன். வேகம், திருப்பம், வழுக்கும் இடம். ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு படுத்துக்கொண்டது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என் டயர் சரியாகத்தான் இருக்கிறது. மழைத் தடத்திலும் சரி.

சந்தோஷப்பட வேண்டும். அண்ணா பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் டயர் சரி என்றால் ஏழாம் தடம் எப்படி?

எழுதிவிடுகிறேன். ஏழாம் தடம் பந்தயத் தடமே இல்லை. ஆனைகட்டி போகும் சாலையில் ஒரு வலது வளைவு, அதற்கு வெளிப்பக்கம் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர். இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில், மழையில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், நான் எல் போர்டு போட்ட எங்கள் காரை அங்கே திருப்பினேன். பக்கத்தில் அப்பா. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பினேன். கர்ரென்று ஒரு சத்தம். பின்பக்கம் சுழன்று காரின் இடது பக்கம் சுவரில் மோதியது. இடது பக்கம்தான் அப்பாவின் முழங்கால்.

ஒன்றரை வருடமாக அதே சாலை, அதே கார், அதே மழை, அதே வேகம். எவ்வளவு திருப்பினாலும் சின்னவனுக்குள் இருக்கும் எங்கள் கார் சுழல்வதில்லை. முன் சக்கரம் வழுக்கி நேராகப் போகிறது, வேகம் குறைந்து நிற்கிறது. பின்பக்கம் அசைவதே இல்லை. என் டயர்தான் தப்பு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

நஸ்ரின் சீக்கிரம் வந்துவிட்டாள். பெரியவனில் ஆள் இருந்தது. நான் சின்னவனில் ஏழாம் தடத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் அதில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது, மழை பெய்யுது, எருமை மேயுது? பந்தயத்துக்கு எருமையும் வருதா?"

எழு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவு வந்துவிட்டது. அவளுக்கு போரடித்திருக்க வேண்டும். காட்டுப் பாதை ரேலிப் பந்தயம் ஓட்ட வருகிறவர்களுக்காகச் சீட்டின் இடப்பக்கம் நிஜக் கைபிரேக் ஒன்றை வைத்திருக்கிறோம். அதை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கர்ர்.

பின்பக்கம் சுழன்றது. பாலத்துச் சுவர் இடது ஜன்னல் முழுக்க வந்தது.

டீ என் கையில் கொட்டியது எனக்குத் தெரியவில்லை. நஸ்ரின்தான் கத்தினாள்.

அக்டோபர் 31, வெள்ளி

அதே சத்தம். அதே கோணம். எட்டு முறை செய்து பார்த்தேன். எட்டு முறையும்.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

நவம்பர் 2, ஞாயிறு

கார் பத்து நிமிடம். செங்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன சாமி, செங்கல் கேக்குதா?" என்றார் அப்பா. இல்லை என்றேன். இன்று ஒழுங்காகப் பத்து வரை எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

நவம்பர் 5, புதன்

அப்பாவே கூடத்துக்கு வந்தார். மூன்று வருடத்தில் முதல் முறை. பிசியோதெரபி முடிந்து அந்த வழியாக ஆட்டோவில் வந்தாராம். பிசியோதெரபி இருப்பது வேறு திசையில், கோவைக்குள் இருக்கும் ராமநாதபுரத்தில். அது எந்த வழி என்று நான் கேட்கவில்லை.

"வாங்கப்பா, வாங்க, உக்காருங்க" என்று நஸ்ரின் சின்னவனில் அவரை ஏற்றிவிட்டாள். "என்ன தடம் வேணும்? சென்னை? மலேசியா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீ தெனமும் லேட்டா வர்றியே, அது என்ன தடம்?"

நான் ஏழை அழுத்தினேன். ஏன் என்று தெரியாது. விரல் போனது.

மழை, புளியமரங்கள், எருமை. அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் சும்மா நின்றது. அவர் தூரத்துப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை தானாகவே கீழே போய்க் கைபிரேக்கின் தலையில் உட்கார்ந்தது.

"செவுத்துல சிமெண்டு விளம்பரம் பச்சை" என்றார். "நீ நீலம் அடிச்சிருக்க."

நஸ்ரினுக்கு என்ன புரிந்ததோ, ஜெகதீஷ் அண்ணாவை இழுத்துக்கொண்டு டீக்குப் போய்விட்டாள்.

"எதிர்ல லாரி வருதுன்னு நெனச்சேன் சாமி. லாரி இல்ல, தகரக் கொட்டாய். கை தானா போச்சு." கையை லிவரிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக எந்தக் காரில் ஏறினாலும் அவர் அப்படித்தான் உட்கார்கிறார். என் ஓட்டுதலை நினைத்து நடுங்குகிறார் என்றே நான் முடிவு செய்திருந்தேன். "நீ நல்லாத்தான் திருப்பினே."

"ஏங்கப்பா சொல்லல?"

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்கோணும். நீ 'என்னாலதான், என்னாலதான்'ன்னு அழுதுட்டு இருந்த. மருந்து மயக்கம் தெளியட்டும்னு விட்டேன். தெளிஞ்சப்புறம், நேத்தே சொல்லியிருக்கலாமேன்னு வெக்கமா இருந்துச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். தெனமும் நேத்தே சொல்லியிருக்கலாம்."

எனக்கு ஒன்பது நாள். அவருக்கு இரண்டு வருடம். ஆனால் வழி ஒன்றுதான்.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வந்தது. எவ்வளவு பெரிய கோபம் என்று பார்ப்பதற்குள் அவர், "இதுல இன்னொருக்கா ஓட்டு. நான் எதையும் தொட மாட்டேன்" என்றார்.

ஓட்டினேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வளைவு வந்தது, போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை. நான் அதற்கு மேல் வரைந்ததில்லை. கார் வெறும் சாம்பல் நிறத்துக்குள் போய் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"மிச்சத்தப் போய்ப் பாத்துட்டு வந்துதான் வரையோணும்" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நஸ்ரின் ஐந்தாவது. பதினாலு பேரில். ஒரு முறைகூடச் சுழலவில்லை. நான்காம் வளைவில் ஒருவனை உள்பக்கமாகத் தாண்டினாள். நானும் அப்பாவும் அண்ணாவும் ஒரே குடைக்குள் நின்று கத்தினோம்.

வந்ததும் அவள் முதலில் சொன்னது: "கோவம் முடிஞ்சுதுக்கா. அஞ்சாவதுக்கு ட்ரீட் வெப்பாங்களா?"

நவம்பர் 14, வெள்ளி

எல்.எல்.ஆர். கையில். போக்குவரத்துச் சின்னங்கள் பற்றிய கேள்விகளில் ஒன்று தப்பு. எது என்று எழுதப்போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை உணவு: தோசை. நான் மூன்று, அப்பா நான்கு.

ஜெகதீஷ் அண்ணா மெக்கானிக்கை அனுப்பிக் காரைப் பார்க்கச் சொல்லியிருந்தார். பாட்டரி நன்றாக இருக்கிறதாம். பிரேக், டயர் எல்லாம் சரியாம். எல் போர்டு ஒட்டினோம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அப்பா குனிய முடியாததால் நான் குனிந்து பின் சக்கரத்துச் செங்கல்லை எடுத்தேன். அதன் கீழே எறும்புகள் ஒரு முழுக் குடியிருப்பே அமைத்திருந்தன. அவற்றிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

மூன்று முறை என்ஜின் அணைந்தது. தெருமுனையில் ஆட்டோக்காரர் ஒருவர், "எறங்கித் தள்ளட்டுங்களா?" என்றார். நான்காம் முறை கார் கிளம்பியது. சிமுலேட்டரில் எங்கும் இல்லாத ஒன்று இருந்தது: பக்கத்தில் ஒருவர் மூச்சு விடும் சத்தம். அதற்கு எண் எழுத முடியாது.

ஆனைகட்டி சாலை காய்ந்திருந்தது. எருமை இல்லை. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தேன். அப்பாவின் இரண்டு கையும் தொடைக்கு அடியில். திருப்பினேன். கார் திரும்பியது. வேறு எதுவும் நடக்கவில்லை. பாலத்துச் சுவரில் விளம்பரம் பச்சைதான், அவர் சொன்னது சரி. பாலத்தைத் தாண்டினால் ஒரு கோயிலின் தோரண வளைவு, ஒரு டயர் பஞ்சர் கடை, அதை ஒட்டி ஓர் இளநீர்க் கடை. வரைய வேண்டியது நிறைய இருக்கிறது.

இளநீர்க் கடையில் ஓரமாக நிறுத்தினேன். சாலை அங்கே சற்றுச் சரிவு. கார் மெதுவாகப் பின்னால் நகரப் பார்த்தது. நான் கால் பிரேக்கில் அழுத்தி வைத்துக்கொண்டேன். செங்கல்லோ வீட்டில் இருந்தது.

அப்பா தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்து வெளியே நீட்டி இளநீர்க்காரரைக் கூப்பிட்டார். வலது கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்திருந்தார்.

"கைபிரேக் போடட்டுமா சாமி?"

"இப்பப் போடுங்கப்பா" என்றேன். "இப்ப நின்னுட்டோம்."